குனிந்து பார்த்த எடின்பரோ

மே 14, செவ்வாய்க்கிழமை

எங்கள் இளமைக்காலச் சென்னையில், பெரிய டாக்டர்களின் வீட்டு வாசலில் தொங்கிய பெயர்ப்பலகைகளில் எஃப்.ஆர்.சி.எஸ். என்ற அறுவை மருத்துவப் பட்டத்தின் எழுத்துகளை அடுத்து அடைப்புக்குறிக்குள் எடின்பரோ என்று எழுதியிருக்கும். 1979இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஸ்காட்லாந்தில் உள்ள அந்த ஊரை எங்கள் தொழிலின் தாய்வீடாகவே நான் எண்ணிவந்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்றபின், அண்ணன் மகள் அங்கே வேலை கிடைத்துக் குடியேறியிருப்பதைச் சாக்காக வைத்து, ஒருவழியாக இன்று வந்து சேர்ந்தேன்.

சென்னையைவிட்டுக் கிளம்பியபோது கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இங்கே விமான நிலையத்துக்கு வெளியே பதினோரு டிகிரி. இதை இந்த ஊர்க்காரர்கள் வசந்தம் என்கிறார்கள். அண்ணன் மகளின் வீடு லீத் என்னும் துறைமுகப் பகுதியில், ஒரு பழைய கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது, நூறாண்டுக்கும் மேலாக மனிதர்கள் ஏறி இறங்கியதில் படிகள் ஒவ்வொன்றும் நடுவில் அம்மிக்கல்லைப் போலக் குழிந்திருக்கின்றன. "அத்தை, மெதுவா ஏறுங்க, யாரும் துரத்தலை" என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

அவள் வேலைக்குப் போனபிறகு, தெருமுனையில் இருந்த ஒரு சிறிய ரொட்டிக்கடைக்குச் சென்று ஸ்கோனும் தேநீரும் வாங்கினேன். நாலு பவுன் எண்பது பென்ஸ் என்றார்கள். மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தால் ஐந்நூறு ரூபாயைத் தொட்டது. பத்துப் பவுன் நோட்டைக் கொடுத்ததற்கு மீதியாக வந்த ஐந்து பவுன் நோட்டில் ராணியும் இல்லை, ராஜாவும் இல்லை. நெற்றியைச் சுற்றிப் பட்டை கட்டி, அதன் நடுவில் பதக்கம் ஒன்றைப் பொருத்தி, பின்னலை முன்னால் விட்டுக்கொண்ட ஓர் இளம்பெண் இருந்தாள். மறுபுறம் திருப்பினால் இரண்டு கானாங்கெளுத்தி மீன்கள். வெளியூர்க்காரியைப் பார்த்ததும் ஏதோ விளையாட்டு நோட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து, வேறு நோட்டு வேண்டும் என்று சற்றுக் கண்டிப்பாகவே கேட்டேன். முழங்கைவரை மாவு அப்பியிருந்த அந்தக் கடைக்கார அம்மாள் முகம் கோணாமல் சிரித்து, ராணி படம் போட்ட இங்கிலாந்து நோட்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பின்னாலேயே "ஹென்" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டார். பெட்டைக்கோழி என்று திட்டுகிறாரோ என்று வீடு திரும்பும்வரை குமைந்துகொண்டிருந்தேன். நம் ஊரில் "தாயி" என்பதைப் போல இங்கே பெண்களை அன்பாக அழைக்கும் சொல் அது என்று இரவு அண்ணன் மகள் விளக்கினாள். நோட்டு விஷயத்தை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

மே 15, புதன்கிழமை

காலை பத்து மணிக்குக் கோட்டை வாசலில் கூடச் சொல்லியிருந்தார்கள். இந்நகரின் பெண்களைப் பற்றி மட்டுமே பேசும் நடைப்பயணம் இது. கட்டணம் பதினெட்டுப் பவுன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற, என் வயதை ஒத்த பெண்மணி வழிகாட்டியாக வந்தார். கனடாவிலிருந்து வந்த அக்கா தங்கை இருவர், கிளாஸ்கோ இளைஞன் ஒருவன், பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டே வந்த ஒரு ஜெர்மானியத் தம்பதி, நான் என ஆறு பேர் சேர்ந்தோம். வானம் தூறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

கோட்டைக்கு முன்னால் உள்ள மைதானத்தின் ஓரத்தில், சுவரோடு சுவராக ஒரு சிறிய வார்ப்பிரும்பு நீரூற்று இருக்கிறது. கோட்டைக்குச் சீட்டு வாங்கப் போகும் கூட்டம் அதை உரசிக்கொண்டே போகிறது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இப்போது அதில் தண்ணீர் வருவதில்லை, பூச்செடி நட்டிருக்கிறார்கள். சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்களின் நினைவாக வைத்தது, சூனியக்காரிகளின் கிணறு என்று பெயர். ஜான் டங்கன் என்ற ஓவியர் 1894இல் வடிவமைத்தது. குனிந்து பார்த்தபோது, சுருண்ட பாம்பொன்றும், கிரேக்க மருத்துவத் தெய்வங்களான அஸ்கிலீபியஸ், ஹைஜியா இருவரின் தலைகளும் தெரிந்தன. நடுவே ஒரு செடி. மணி மணியாகத் தொங்கும் அந்தப் பூவை எந்த மருத்துவ மாணவிக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இதய நோயாளிகளுக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த டிஜாக்சின் மாத்திரையின் குடும்பத்து மூலிகை, டிஜிடாலிஸ்.

ஸ்காட்லாந்தில் 1563 முதல் 1736 வரை சூனியத் தடைச்சட்டம் நடப்பில் இருந்தது. அக்காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 3,800 பேருக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் பெண்கள். 2022 மார்ச் 8 அன்று அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இவற்றை வழிகாட்டி சொன்னபோது ஒரு செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவர் இரண்டு பெயர்களைச் சொன்னார். ஒருவர் ஆக்னஸ் சாம்ப்சன், கைவைத்தியமும் பிரசவமும் பார்த்த மருத்துவச்சி. 1591 ஜனவரியில் இந்தக் குன்றின்மேல் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். மற்றவர் யூஃபம் மக்கால்சியன், வசதியான வீட்டுப் பெண். அவர்மீது சுமத்திய குற்றங்களில் ஒன்று, பிரசவத்தின்போது வலி தெரியாமலிருக்க ஆக்னஸிடம் மருந்தும் மந்திரமும் பெற்றார் என்பது. அதே ஆண்டு ஜூன் 25 அன்று அவரை உயிரோடு எரித்தார்கள்.

இதைக் கேட்டபின் சிறிது நேரம் எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. பிரசவ வலிக்கு முதன்முதலில் குளோரோஃபாம் கொடுத்த ஜேம்ஸ் யங் சிம்ப்சன் இதே ஊரில் வாழ்ந்தவர். 1847இல் குயின் ஸ்ட்ரீட்டில், இங்கிருந்து இறங்கி நடந்தால் அரைமணியில் போய்ச் சேரக்கூடிய வீட்டில்தான் அதைச் சோதித்துப் பார்த்தார். எங்கள் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. கீழே பூங்காவில் அவருக்குப் பெரிய வெண்கலச் சிலை இருக்கிறது. இடையில் இருப்பது 256 ஆண்டு. வலி தாங்காமல் என் கையை இறுகப் பிடித்த பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கணக்கில்லை. அவர்களில் ஒருத்தியாவது "டாக்டரம்மா, ஏதாவது ஊசி போடுங்க" என்று கேட்காமல் இருந்ததில்லை.

அங்கிருந்து ராயல் மைல் என்னும் கடைத்தெருவில் இறங்கினோம். இருபுறமும் ஓர் ஆள் மட்டுமே நுழையும் அளவுக்குக் குறுகிய சந்துகள் உள்ளே உள்ளே போகின்றன. லேடி ஸ்டேர் சந்தில் நுழைந்தால், ஸ்டேர் சீமாட்டி எலிசபெத்தின் பெயரைத் தாங்கிய பழைய வீடு. இப்போது அது எழுத்தாளர் அருங்காட்சியகம். உள்ளே இருப்பவர்கள் பர்ன்ஸ், ஸ்காட், ஸ்டீவன்சன் மூவரும். வீட்டுக்குப் பெண் பெயர், வீட்டுக்குள் மூன்று ஆண்கள் என்று வழிகாட்டி சொல்லிவிட்டுத் தரையைக் காட்டினார். முற்றத்துக் கற்களில் எழுத்தாளர்களின் வரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று நேன் ஷெப்பர்ட் என்ற பெண்ணுடையது. மலைகளில் நடந்து நடந்து அவற்றைப் பற்றி எழுதியவர் என்று சொல்லிக்கொண்டே, வழிகாட்டி பையிலிருந்து ஒரு ஐந்து பவுன் நோட்டை எடுத்துக் கல்லின் அருகே பிடித்தார். நெற்றிப்பட்டை, பதக்கம், பின்னல். கல்லில் இருந்த அதே வரி நோட்டிலும் இருந்தது.

எனக்கு முகம் சுட்டது. நேற்று விளையாட்டு நோட்டு என்று திருப்பிக் கொடுத்தது இவரைத்தான். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 2016இல் வெளியிட்ட நோட்டு அது. அந்த வங்கியின் பத்துப் பவுன் நோட்டில் அறிவியல் எழுத்தாளர் மேரி சாமர்வில் இருக்கிறார். நான் செய்ததைச் சொன்னபோது கிளாஸ்கோ இளைஞன் வாய்விட்டுச் சிரித்தான். லண்டன் கடைக்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள் என்று சொல்லி என்னைத் தேற்றவும் செய்தான்.

செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்குள் வெண்கலத்தில் செய்த மூன்றுகால் முக்காலி ஒன்று இருக்கிறது. 1637 ஜூலை 23 அன்று, அரசர் திணித்த புதிய ஜெபப்புத்தகத்தை வாசிக்கத் தொடங்கிய குருவின் தலையைக் குறிவைத்துத் தான் உட்கார்ந்திருந்த முக்காலியை வீசினாராம் ஜென்னி கெடஸ் என்ற சந்தைக்காரப் பெண். அன்று மூண்ட கலவரம் நாடு முழுவதும் பரவிப் போரில் முடிந்தது. ஜென்னி உண்மையில் வாழ்ந்தவரா, ஊர் கட்டிய கதையா என்பதில் சந்தேகம் உண்டு என்று வழிகாட்டியே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. நம் ஊர்க் கோயில் வழிகாட்டிகளில் ஒருவரிடமும் இதை நான் எதிர்பார்க்க மாட்டேன்.

விக்டோரியா தெரு வழியாகக் கிராஸ்மார்க்கெட்டுக்கு இறங்கும்போது தூறல் மழையாகிவிட்டது. கல் பாவிய சரிவில் என் இடதுகால் செருப்பின் அடித்தட்டு வாயைப் பிளந்துகொண்டது. பாண்டிபஜாரில் வாங்கியது, அதைக் குறைசொல்ல மனமில்லை, இந்தக் கற்களை நினைத்து யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். கனடாத் தங்கை தன் தலைமுடியிலிருந்து ரப்பர் பட்டையைக் கழற்றி, நான் தடுத்தும் கேளாமல் நடுத்தெருவில் மண்டியிட்டுச் செருப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். பேத்தி வயதுப் பெண் என் காலைத் தொட்டதில் எனக்குக் கூச்சம். அவருக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

கிராஸ்மார்க்கெட்டில் தூக்குமேடை இருந்த இடத்துக்கு எதிரே மேகி டிக்சனின் பெயரில் மதுக்கடை ஒன்று இருக்கிறது. கருவுற்றதை மறைத்துப் பிள்ளையைப் பறிகொடுத்த குற்றத்துக்காக 1724 செப்டம்பர் 2 அன்று இங்கே தூக்கிலிடப்பட்ட மேகி, உடலை ஊருக்கு எடுத்துச்செல்லும் வழியில் பெட்டிக்குள் உயிர்த்தெழுந்தார். அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார். "பாதித் தூக்கு மேகி" என்று ஊர் அவரை அழைத்தது. அந்தக் கதையைச் சொல்லிப் பீர் விற்கிறார்கள். பிள்ளைபெற்ற செய்தியை மறைக்க வேண்டியிருந்த பெண்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன் என்பதால் என்னால் மற்றவர்களைப் போலச் சிரிக்க முடியவில்லை.

மேட்டில் ஏறினால் கிரேஃபிரையர்ஸ் பாபி. எசமானின் கல்லறையைப் பிரியாமல் காவலிருந்ததாகச் சொல்லப்படும் நாயின் சிலை அது. மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, வரிசையில் நின்று தடவித் தடவி மூக்கு பித்தளைபோல் மின்னுகிறது. எடின்பரோவில் பெண்களைவிட விலங்குகளுக்குத்தான் சிலை அதிகம் என்பது இந்த ஊரார் அடிக்கடி சொல்லும் குறை. அந்தச் சிலையை 1873இல் தன் பணத்தில் நிறுவியவர் ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் என்ற செல்வச் சீமாட்டி என்று வழிகாட்டி சொன்னபோது, ஜெர்மானிய அம்மாள் முதன்முறையாக வாய் திறந்து, "அவருக்கு இங்கே சிலை இருக்கிறதா?" என்று கேட்டார். வழிகாட்டி இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசி நிறுத்தம் நிக்கல்சன் தெருவில் சர்ஜன்ஸ் ஹால். கிரேக்கக் கோயில்போலத் தூண்கள் நிற்க, முன்னால் இரும்பு வாயில். என் டாக்டர்களின் பெயர்ப்பலகைகளில் இருந்த எடின்பரோ இதுதான். 1869இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவரோடு சேர்ந்த ஆறு பெண்களும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். வேதியியல் தேர்வில் முதன்முறை எழுதியோரில் முதலிடம் பெற்ற ஈடித் பீச்சிக்கு உரிய உதவித்தொகையைப் பெண் என்பதால் மறுத்தார்கள். 1870 நவம்பர் 18 அன்று உடற்கூறியல் தேர்வு எழுத அவர்கள் இங்கே வந்தபோது, இருநூறுக்கும் மேற்பட்ட கூட்டம் தெருவை அடைத்து நின்று சேற்றை வாரி வீசி, வாயிலை முகத்துக்கு நேரே அறைந்து சாத்தியது. உள்ளிருந்து யாரோ திறந்துவிட்டதில் நுழைந்து தேர்வு எழுத உட்கார்ந்தார்கள். அப்போதும் விடாமல் அறைக்குள் ஓர் ஆட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அனுப்பியவர்களைவிட அதற்கு அறிவு அதிகம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம் ஆசிரியர். தேர்வு முடிந்ததும் பின்வாசலால் போய்விடலாம் என்று சொன்னதை ஏற்காமல், சேறு படிந்த உடையோடு முன்வாசல் வழியாகவே வெளியேறினார்கள்.

அதனால் பட்டம் கிடைத்துவிடவில்லை. அவர்களைச் சேர்த்ததே தவறு என்று 1873இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெக்ஸ்-பிளேக் பட்டத்துக்காகச் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகருக்குப் போக வேண்டியிருந்தது. இந்தப் பல்கலைக்கழகம் எழுவருக்கும் மருத்துவப் பட்டம் வழங்கியது 2019 ஜூலையில். அவர்களுக்குப் பதிலாக இன்றைய மாணவிகள் எழுவர் மேடையேறி வாங்கினார்கள்.

வழிகாட்டி முடித்துக்கொண்டு, யாருக்காவது கேள்வி உண்டா என்றார். எனக்குக் கேள்வி இல்லை, சொல்ல ஒரு செய்தி இருந்தது. நீதிமன்றம் இங்கே கதவைச் சாத்திய இரண்டாம் ஆண்டில், 1875இல், நான் படித்த சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துத்தான் ஷார்லீப் படிக்க வந்தார். அவர்களைச் சேர்க்கத் துணைநின்ற சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் ஸ்காட்லாந்துக்காரர், இதே எடின்பரோவில் படித்தவர். இங்கே படித்த மனிதர் எட்டாயிரம் சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப்போய் அந்தக் கதவைத் திறந்தார் என்று என் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். வழிகாட்டி என்னை மறுபடி சொல்லச் சொல்லி, மழையில் நனைந்த குறிப்பேட்டில் பெயர்களை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

பெருமை தலைக்கேறிவிடக் கூடாது என்று அடுத்ததையும் சொன்னேன். அந்த நால்வரில் நம் வீட்டுப் பெண் யாரும் இல்லை. புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி அதே கல்லூரியில் பட்டம் பெற 1912 ஆயிற்று.

மே 16, வியாழக்கிழமை

கால்வலி. காலையில் கடலிலிருந்து ஹார் என்னும் மூடுபனி ஏறிவந்து எதிர்வீட்டை அழித்துவிட்டது. பத்து மணிவரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு முப்பத்தைந்து பவுனுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு தனியாக டீன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

எல்சி இங்லிஸின் கல்லறையைத் தேடித்தான் போனேன். நம் நைனிடாலில் 1864இல் பிறந்தவர். ஜெக்ஸ்-பிளேக் இங்கே தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்து, ராயல் மைலில் ஏழைப் பெண்களுக்கான பிரசவ மருத்துவமனை ஒன்றை நடத்தினார். முதல் உலகப்போர் மூண்டபோது மருத்துவப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போகிறேன் என்று போர் அலுவலகத்தில் கேட்டார். வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்காருங்கள் என்று பதில் வந்தது. அவர் உட்காரவில்லை, பிரான்சுக்கும் செர்பியாவுக்கும் ரஷ்யாவுக்கும் மருத்துவக் குழுக்கள் போயின. 1917 நவம்பரில் புற்றுநோயோடு பிரிட்டன் திரும்பிய மறுநாளே இறந்துபோனார்.

பனியில் கல்லறை அகப்படவில்லை. முக்கால் மணிநேரம் சுற்றியபின், நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு முதியவர் என்ன தேடுகிறேன் என்று கேட்டு, தன் நடையைவிட்டு என்னோடு திரும்பி வந்து காட்டினார். டாக்டரா என்றார், பிரசவ டாக்டர் என்றேன். தானும் இந்நகரில் எல்சி பெயரில் இருந்த மருத்துவமனையில்தான் பிறந்தேன் என்று சொல்லித் தொப்பியைச் சற்று உயர்த்திவிட்டுப் போனார். எனக்குத் திருவல்லிக்கேணி நினைவு வந்தது. ஷார்லீப் 1885இல் தொடங்கிய மருத்துவமனைக்கு இப்போது கஸ்தூர்பா காந்தி பெயர். ஆனால் ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் உடனே வண்டி திரும்பும்.

இரவு அண்ணன் மகள் ஹாகிஸ் வாங்கித் தந்தாள். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலோடு ஓட்ஸ் சேர்த்துச் செய்வதைச் சைவக்காரர்களுக்காகப் பருப்பிலும் விதைகளிலும் செய்து விற்கிறார்கள். மிளகு தூக்கலாக, எனக்குப் பிடித்திருந்தது. டேப்லெட் என்ற இனிப்பையும் ஒரு துண்டு தின்றேன். இறுகிப்போன பால்கோவா என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நான் கொடுத்த அறிவுரைகளை நினைத்துக்கொண்டே இரண்டாவது துண்டையும் தின்றேன்.

மே 17, வெள்ளிக்கிழமை

மாலையில் விமானம். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு ரொட்டிக்கடைக்குப் போய், ராணி நோட்டை நீட்டி, அன்று திருப்பிக் கொடுத்த பெண்ணை எனக்கே தரமுடியுமா என்று கேட்டேன். கடைக்கார அம்மாளுக்கு என்னை நினைவிருந்தது. கல்லாவைத் துழாவினார். வேறொரு வங்கியின் நோட்டுகள்தான் கையில் வந்தன. எல்லாவற்றிலும் வால்டர் ஸ்காட். மூன்று ஸ்காட்டுகளை வரிசையாக மேசையில் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

எனக்குப் பின்னால் பிள்ளை வண்டியோடு நின்ற இளம்தாய், என்ன தேடுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கைபேசி உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த நோட்டை எடுத்துப் பிரித்தார். ஆத்திர அவசரத்துக்காக வைத்திருந்த பணமாம். நெற்றிப்பட்டைக்குக் குறுக்கே மடிப்பு விழுந்திருந்தது. ராணியை அவரிடம் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். வண்டியில் இருந்தது பெண் குழந்தை. பிறந்து ஆறு வாரம் இருக்கும் என்று சொன்னேன். ஐந்து வாரம், எடை கூடுதல் என்றார் தாய்.

"ஏதாவது வேண்டுமா, ஹென்?" என்றார் கடைக்கார அம்மாள். ஒரு ஸ்கோன் கேட்டேன். அதற்குச் சில்லறையாகத் தேடிக் கொடுத்தேன்.